நயினார் வீட்டு எலும்பு

விடியற்காலையில் பால் கறக்கப் போன சம்பவநாதன் தொழுவத்து வாசலிலேயே செம்போடு நின்றுவிட்டார். உள்ளே இருட்டில் ஏதோ ஒன்று கடிபட்டுக்கொண்டிருந்தது. கடக். கடக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் கடக்.

வைக்கோலுக்கு இந்தச் சத்தம் வராது. லாந்தரைத் தூக்கிப் பிடித்தார். செவலைப் பசு மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தது. அதன் வாயோரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது.

எலும்பு.

சிங்கவரத்தில் வேறு யார் தொழுவத்தில் எலும்பு கிடந்தாலும், நாய் இழுத்துப் போட்டது என்று தூக்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இது நயினார் வீடு. தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற சமணக் குடும்பம். மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு அடுப்பேறாது. விளக்கில் பூச்சி விழுமே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். குறுக்கே எறும்புச் சாரி போனால் சம்பவநாதன் கால் மணி நேரம் நின்று, வழி விட்டுத்தான் போவார்.

பங்குனியில் மேல்சித்தாமூரிலிருந்து அவர் மகள் ஜெயந்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். வரப்போகிற சம்பந்தியம்மாள் ராஜமதியின் ஆசாரம் ஜில்லா முழுக்கப் பிரசித்தம். போன வருஷம் வேறொரு வீட்டில் பெண் பார்க்கப் போன இடத்தில், காற்றில் பறந்து வந்த ஒரு வெங்காயச் சருகைப் பார்த்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவள் அவள்.

"வெங்காயச் சருகுக்கே எந்திரிச்சிப் போனவங்க, எலும்புக்கு இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி சந்தனா.

"சத்தம் போடாத. பொதைச்சிடறேன்."

புதைப்பதிலும் ஒரு சங்கடம் இருந்தது. கடப்பாரை போட்டால் மண்புழு சாகும். அதனால் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மயில்பீலியால் மண்ணை ஒதுக்கி, எலும்பை வைத்து, இரண்டு கை மண்ணைப் பூப்போல் தூவி மூடினார்.

மறுநாள் விடியற்காலை. கடக். கடக்.

அதே எலும்பு. நேற்றைய பல் தடம் அப்படியே இருந்தது, ஈர மண் ஒட்டியிருந்தது. கன்றுக்குட்டி ஒரு மூலையில் நின்று கண் கொட்டாமல் அவரையே பார்த்தது.

"பொதைச்சது எந்திரிச்சி வருதுன்னா அது சும்மா எலும்பு இல்லீங்க" என்றாள் சந்தனா. "யாரோ செய்வினை வெச்சிட்டாங்க. ஊர் எல்லை தாண்டிக் கொண்டு போய்ப் போட்டுடுங்க."

அன்று சாயங்காலம் வெயில் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்து, எலும்பை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு, சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு செஞ்சிக்குப் புறப்பட்டார். ஜெயந்தி தையல் பழகிய நாளில், 'சம்பவநாதன், சிங்கவரம்' என்று சிவப்பு நூலில் பூவேலை செய்து கொடுத்த பை அது. அவசரத்தில் அதுதான் கைக்குக் கிடைத்தது.

செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி அடிவாரத்துக்கு வருவதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. மலைமேல் அடுக்கியிருந்த பாறைகள் கறுப்பாக அவரைக் குனிந்து பார்ப்பது போலிருந்தன. குரங்குகள்கூட எங்கேயோ அடங்கிவிட்டன. கோட்டை அகழியின் ஓரத்தில் சைக்கிளை நிறுத்திப் பையைக் கழற்றினார்.

அகழிக்குள்ளே யாரோ இருந்தார்கள்.

தலைமுடி விரிந்து கிடக்க, ஒரு பெண் உருவம் குனிந்து குனிந்து முட்செடிக்குள் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு மூட்டை. ஓரடி எடுத்து வைத்தபோது மூட்டைக்குள் கலகலவென்று சத்தம். அது பானை உடைந்த சத்தமில்லை, விறகுச் சத்தமும் இல்லை. இரண்டு நாளாக அவர் தொழுவத்தில் கேட்ட சத்தத்தின் உறவுச் சத்தம்.

பை அவர் கையிலிருந்து நழுவி அகழிக்குள் விழுந்தது. உருவம் அதை எடுத்தது. உள்ளே கைவிட்டு எலும்பை வெளியே எடுத்து, தராசுத் தட்டில் வைப்பதுபோல் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து, பல் தெரியச் சிரித்து, ஆசையாகக் கேட்டது.

"இன்னும் இருக்குதா?"

சம்பவநாதன் ஓடினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினார். அதில் ஏறி மிதிக்கலாம் என்பது அவருக்கு நினைவு வந்தபோது சிங்கவரம் வந்துவிட்டிருந்தது.

இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் பக்கத்து நிலத்துக்காரர் முருகையன் பார்க்க வந்தார். முருகையனுக்குத் தெரியாத பேய் செஞ்சித் தாலுகாவில் கிடையாது. சம்பவநாதன் முழுவதையும் மறைக்கத்தான் நினைத்தார், ஆனால் வயிற்றில் தங்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க முருகையா."

"நான் இன்னாத்துக்குச் சொல்றேன்? நயினாரே, இது கோட்டைச் சண்டைல செத்த ஆளு. அடக்கம் பண்ணாத எலும்பு. உங்க மாடு மேயப் போன எடத்துல அதைக் கவ்விட்டு வந்துடுச்சி. இப்ப அது தன் எலும்பைத் தேடி அலையுது."

"நான் பாத்தது பொம்பள."

"பொண்டாட்டி தேடி வரக்கூடாதா?"

"சரி, அந்த எலும்பைத்தான் குடுத்துட்டேனே."

"அதான் 'இன்னும் இருக்குதா'ன்னு கேட்டுச்சே! ஒரு ஆளுக்கு ஒரே ஒரு எலும்பாவா இருக்கும்? மீதிய உங்களாண்டதான் கேக்கும்."

கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார் சம்பவநாதன்.

"என் மச்சான் பூசாரிதான். ஒரு சேவல் குடுத்தாப் போதும், கெளம்பிடும்" என்றார் முருகையன்.

"சிவசிவா... இல்ல, அருகா! சேவலா?"

"உங்களுக்கு ஆவாதுன்னு தெரியும். அதுக்கும் வழி இருக்குது. அரிசி மாவுல கோழி மாதிரி புடிச்சி வெச்சி, அதைக் கீறிடலாம். உயிரும் போவாது, பேயும் போயிடும்."

சம்பவநாதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "மாவுக்கோழிய அறுத்ததுக்கே ஒரு ராசா ஏழு பிறவி மிருகமாப் பொறந்து அடிபட்டான்னு எங்க நைனா சொல்லிச் சொல்லி வளத்தாரு. உயிருன்னு நெனச்சி மாவுல கைய வெச்சாலும் பாவந்தான். மாவுன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"அப்ப பேயோடயே குடும்பம் நடத்துங்க" என்று முருகையன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சம்பவநாதன் தமக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். அந்த வழிக்குப் பெயர் விரதம். கார்த்திகையிலேயே தவிட்டுப் பானையில் புழு நெளிவதைப் பார்த்துவிட்டு, அது மாட்டின் வாயில் சாகுமே என்று தவிட்டை நிறுத்தியிருந்தார். புண்ணாக்கில் வண்டு இருந்ததால் புண்ணாக்கும் நின்றது. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் வீட்டார் உபவாசம் இருந்தபோது, புண்ணியத்தில் பங்கு கிடைக்கட்டும் என்று செவலைக்கும் ஒருவேளைத் தீனியைக் குறைத்திருந்தார். இப்போது மேய்ச்சலையும் நிறுத்தினார். பேய் பிடித்த மாடு கோட்டைப் பக்கம் போகவேண்டாம். உள்ளேயே நிற்கட்டும். சுத்தமான, புழு பூச்சி இல்லாத, மூன்று வருஷத்துப் பழைய வைக்கோல் மட்டும் தின்னட்டும்.

பேய் இன்னும் நன்றாக ஏறிக்கொண்டது.

முதலில் தண்ணீர் வடிகட்டும் துணி காணாமல் போனது. மறுநாள் அதன் ஒரு முனை செவலையின் வாயில் தொங்கியது. பிறகு சம்பவநாதனின் செருப்பு. பிறகு, பெண் பார்க்கும் அன்று கட்டுவதற்காக எடுத்து உலர்த்தியிருந்த ஜெயந்தியின் பட்டுப்புடவை. முந்தானை மட்டும் மிஞ்சியது.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் தொழுவத்திலிருந்து சந்தனா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "செவுத்துல மூஞ்சி!"

சம்பவநாதன் லாந்தரோடு போனார். செவலை மண்சுவரை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கிப் பூச்சு முழுவதும் போய், சுவரில் இரண்டு பள்ளமும் கீழே ஒரு நீளப் பள்ளமுமாக விழுந்திருந்தன. லாந்தர் ஆடும்போது அந்தக் கண்கள் இமைத்தன. வாய் எதையோ கேட்க வருவது போலிருந்தது. என்ன கேட்கும் என்று அவருக்குத் தெரியும். விளக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதற்கு மறுநாள் செவலை எழுந்திருக்கவில்லை.

முன்னங்காலை மடக்கி, எழ முயன்று, முடியாமல் மறுபடி விழுந்தது. முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. கன்று காலியான மடியை முட்டி முட்டி ஓய்ந்து போயிருந்தது. சம்பவநாதன் அதன் நெற்றியைத் தடவினார். மாடு அவர் கைவிரலைக் கடிக்காமல், வெறுமனே வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே கிடந்தது.

"நைனா" என்றாள் பின்னால் நின்ற ஜெயந்தி. அவள் அழுதிருந்தாள், ஆனால் புடவைக்காக இல்லை. "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்குப் பசிக்குது."

"வேளாவேளைக்கு வைக்கோல் போடறேனேம்மா?"

"உங்களுக்கு வேளாவேளைக்கு வெறும் கஞ்சித் தண்ணி ஊத்துனா, நீங்களும் செவுத்தத்தான் நக்குவீங்க."

சம்பவநாதனுக்கு, எறும்புக்கு வழிவிட்டு நின்ற காலங்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. தவிட்டுப் புழுவுக்குப் பார்த்தோம், வண்டுக்குப் பார்த்தோம், கண்ணெதிரே நின்ற இத்தனை பெரிய உயிரைப் பார்க்கவில்லையே என்று செவலையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாலு பேர் கைகொடுத்துச் செவலையை எழுப்பி, செஞ்சி மாட்டாஸ்பத்திரிக்கு மெல்ல நடத்திப் போனார்கள். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் கோதண்டராமன் மாட்டைச் சுற்றி ஒருமுறை வந்தார்.

"தவிடு வெக்கறீங்களா?"

"இல்ல. புழு..."

"புண்ணாக்கு?"

"வண்டு..."

"பச்சை?"

"பேய்..."

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எலும்பு தின்னுதா?"

சம்பவநாதன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு யார் சொன்னது? முருகையனா?"

"மாடே சொல்லுதுய்யா. கன்னு போட்டு பால் கறக்கற மாட்டுக்கு வெறும் வைக்கோலப் போட்டா எலும்புக்கு வேண்டிய மணிச்சத்து எங்கேந்து வரும்? தன் எலும்புல இருக்கிறத உருக்கி உருக்கிப் பால்ல குடுக்கும். அதுவும் தீந்துட்டா எலும்பு, துணி, செருப்பு, செவுரு, எதையும் வுடாது. தவிட்டுல இருக்குது அந்தச் சத்து. நீங்க புழுவப் பாத்து அதை நிறுத்திட்டீங்க."

"பொதைச்ச எலும்பு மறுநாள் வாயில இருந்துச்சே?"

"எவ்ளோ ஆழம் பொதைச்சீங்க?"

சம்பவநாதன் இரண்டு விரல் அளவு காட்டினார்.

"கயிறு?"

"இறுக்கிக் கட்டுனா அதுக்கு வலிக்குமேன்னு நீளமா..."

"அப்புறம் இன்னா? மோப்பம் புடிச்சிக் கெளறி எடுத்திருக்கும்."

சம்பவநாதனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. "அப்ப அகழியில நான் பாத்த உருவம்?"

"எனக்கு மாட்டு வைத்தியம்தான் தெரியும்" என்றார் கோதண்டராமன். "தவிட்ட சலிச்சி வையுங்க. புண்ணாக்கு, பச்சை, உப்பு, எல்லாம் குடுங்க. ஒரு சத்துப் பொடி இருக்குது, இப்ப ஸ்டாக் இல்ல. எழுதிப் போட்டிருக்குது, மாசியில வரும். பேரு இன்னா?"

"சம்பவநாதன்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "நயினாரா?"

"ஆமா."

கோதண்டராமன் பேனாவைக் கீழே வைத்தார். "மாடு பொழைக்கணும் இல்ல?"

"என் உயிர் மாதிரி."

"அப்ப அரசாங்க மருந்துல உள்ள இன்னா இருக்குதுன்னு கேக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டைக் கூப்பிட்டார்.

மாசியில் பொடி வந்தது. வெள்ளையும் சாம்பலுமாக, மணமில்லாத மெல்லிய பொடி. சம்பவநாதன் தினமும் புளியமரத்தடியில் தவிட்டைச் சலித்துப் புழுக்களை இலையில் ஏந்தி நிழலில் விட்டார். பிறகு தம் கையாலேயே தவிட்டில் இரண்டு பிடி பொடியைப் போட்டுப் பிசைந்து உருட்டிக் கொடுத்தார். பிசைகிறபோது பஞ்ச மந்திரமும் சொன்னார். பதினைந்தாம் நாள் செவலை சுவரை மறந்தது. ஒரு மாதத்தில் தோல் மினுமினுத்தது. பால் செம்பு தளும்பியது. சுவரிலிருந்த மூஞ்சியை மண் வைத்துப் பூசிவிட்டார்கள். ஆனாலும் பொழுது சாய்ந்தால் சம்பவநாதனின் காதுக்குள் அந்தக் கேள்வி மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது.

பங்குனி பிறந்து, ராஜமதி மகன் தர்மநாதனோடு வில்வண்டியில் வந்து இறங்கினாள். மாப்பிள்ளை தலையிலிருந்து கால்வரை ஜவ்வாது மணத்தான். வந்ததும் கிணற்றடிக்குப் போய் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினான்.

"அவ்ளோ சுத்தம்" என்றாள் ராஜமதி. "விழுப்புரம் பக்கம் பெரிய மில்லுல சூப்பர்வைசரு. வேலைலேந்து வந்தா மூணு தடவை முழுகாம வீட்டுக்குள்ள வர மாட்டான்."

"அரிசி மில்லுங்களா?" என்று கேட்டாள் சந்தனா.

"வேற இன்னா மில்லு இருக்கப் போவுது?"

தர்மநாதன் மேலே விட்டத்தைப் பார்த்தான்.

ராஜமதி வடிகட்டும் துணியைப் பிரித்துப் பார்த்தாள். அடுக்களையை மூக்காலேயே சோதித்தாள். கொல்லையில் சருகு சருகாகப் புரட்டினாள். எங்கும் குற்றமில்லை. ஜெயந்தி கொண்டுவந்த பால் பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது எந்த மாட்டுப் பாலு?"

தொழுவத்தில் செவலையைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. "எங்க வீட்டு மாடு எலும்பும் தோலுமா நிக்குது. இதுக்கு இன்னா வெக்கறீங்க?"

சம்பவநாதன் பெருமையோடு பொடி டப்பாவைத் திறந்து நீட்டினார். அதை எட்டிப் பார்த்த தர்மநாதனின் முகம் சட்டென்று வெளுத்தது.

"அம்மா, அது..."

"நீ சும்மா இருடா. மாட்டப் பத்தி ஒனக்கு இன்னா தெரியும்?" என்று ராஜமதி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். "கரகரன்னு இருக்குது. ஏதோ மலை மண்ணுதான். சுத்தமான சரக்கு."

"அம்மா, துப்பிடு..."

"சும்மா இருன்னு சொன்னேன் இல்ல?" அவள் முழுங்கினாள். முந்தானையில் இரண்டு பிடி அள்ளி முடிந்துகொண்டாள். "வாயில்லா சீவனை இப்படி வெச்சிருக்கிற வீடு, எம் புள்ளையையும் நல்லா வெச்சிக்கும். தட்டு மாத்திக்கலாம்."

தட்டு மாற்றிக்கொண்டார்கள். சந்தனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயந்தி கதவுக்குப் பின்னால் நின்று சிரிக்கும் சத்தம் சம்பவநாதனுக்குக் கேட்டது. இத்தனை நாள் பட்ட பயத்துக்கெல்லாம் இந்தச் சத்தம் ஒன்று போதும் என்று அவர் நினைத்தார். வெயில் சாய்வதற்குள் பந்தி போட்டு, எல்லோரும் இலையில் உட்கார்ந்தார்கள்.

அப்போது வாசலில் கலகலவென்று சத்தம் கேட்டது.

சம்பவநாதனின் கை சோற்றிலேயே நின்றது. மெல்லத் திரும்பினார். முடி விரிந்து கிடக்க, முதுகில் மூட்டையோடு, பட்டப்பகலில், அகழியில் பார்த்த அதே உருவம் நடைவாசலில் நின்றது. கையில் மடித்த மஞ்சள் பை. ஜெயந்தி போட்ட சிவப்பு நூல் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

சம்பவநாதன் இலைக்குப் பின்னால் நகர்ந்தார். எதிர் வரிசையில் மாப்பிள்ளையும் இலைக்குப் பின்னால் நகர்வது தெரிந்தது.

"நாகம்மா" என்றான் தர்மநாதன், உதடு மட்டும் அசைய. "போயிடு."

"அட, சின்னையாவும் இங்கதான் இருக்கீங்களா?" என்று வந்தவள் ஒரு கும்பிடு போட்டாள். பையைச் சம்பவநாதன் முன்னால் வைத்தாள். "பேரப் படிச்சிச் சொல்ல ஆளு கெடைக்கவே இத்தினி நாளாயிடுச்சி."

ராஜமதி பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "யாருடா இது?"

நாகம்மாள் சம்பவநாதனைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

"அன்னிக்கி அகழியாண்ட போட்டுட்டு ஓடுனீங்களே எலும்பு, அதை நான் எடைக்குப் போட்டேன், இந்தச் சின்னையா மில்லுல அரைச்சி மாட்டாஸ்பத்திரிக்குச் சத்துப் பொடியாவே அனுப்பிட்டாங்க சாமி, இன்னும் இருக்குதா?"